சருகும் ஐந்திணையும்

தமிழ் பயிலும் மாணவர்க்குப் பகையாவது யாது என்று வினவின், காலத்தின் அழிவே என்பது விடையாகும். பனையோலைச் சுவடிகள் செல்லுக்கும் ஈரத்துக்கும் இரையாகியதனால், நம் முன்னோர் ஈட்டிய நூற்செல்வத்துள் எத்துணையோ இன்று பெயர் மாத்திரையாய் நிற்கின்றன. மகாவித்துவான் திரிசிரபுரம் மீனாட்சிசுந்தரம் பிள்ளை (1815–1876) அவர்கள் வாழ்ந்து பாடஞ் சொன்ன இந்நகரில் இருந்துகொண்டு, அவர்தம் மாணாக்கராகிய டாக்டர் உ. வே. சாமிநாதையர் அவர்கள் ஏடு தேடி ஊரூராய் அலைந்த வரலாற்றைப் படிக்குந்தோறும், மக்குதல், உக்குதல், இற்றுப்போதல், செல்லரித்தல் என்னும் சொற்கள் எம் செவிக்கு இன்னாதனவாகவே ஒலித்து வந்தன. அச்சொற்களுக்கு மற்றொரு முகமும் உண்டு என்பதை எமக்கு உணர்த்தியது ஒரு சருகுக் குவியல். அதனைப் பற்றியும், இலை மண்ணாகும் விரைவை அறிவியலார் அளக்கும் முறையைப் பற்றியும், அவ்வளவையை நம் திருச்சிராப்பள்ளியிலும் திருவரங்கத்திலும் செய்து பார்த்தற்குரிய வழியைப் பற்றியும் இக்கட்டுரையிற் சிறிது கூறப் புகுகின்றோம். யாம் தாவரநூல் பயில்வாரல்லோம். பிழையிருப்பின் அத்துறை ஆசிரியர்களும் மாணவர்களும் பொறுத்துத் திருத்துவார்களாக.

தீயிட்ட செல்வம்

சென்ற ஆண்டு வேனிற் காலத்தின் தொடக்கத்தில், கல்லூரித் தோட்டத்தைத் தூய்மை செய்யும் பணியில் யாம் சிலர் ஈடுபட்டோம். வேம்பு, புங்கு, வாகை ஆகிய மரங்கள் உதிர்த்த சருகையெல்லாம் கூட்டி, ஆள் உயரம் குவித்து, அந்திப்பொழுதில் தீயிட்டோம். தரை பளிச்சென்று இருந்தது. நற்பணி செய்தோம் என்று மகிழ்ந்து நின்றபோது, தோட்டம் காக்கும் பெரியவர் வந்து சாம்பலைப் பார்த்தார். “தம்பிகளா, மரம் ஒரு வருஷமாச் சேத்து வச்சதை ஒரு மணி நேரத்துல புகையாக்கிப்புட்டீங்களே! இனிமே இதுக்கு எருவை எங்க போயி வாங்குறது?” என்றார். அவர் சினந்து கூறினாரல்லர். ஆயினும் எங்களுள் ஒருவர்க்கும் விடை கூற வாய் எழவில்லை.

பின்னர் ஆராய்ந்தபோது பெரியவர் கூற்று முற்றும் மெய்யென்பது விளங்கிற்று. இலை எரியுங்கால் அதனுள் இருந்த கரிமம் பெரும்பாலும் கரியமில வாயுவாகி வானிற் கலக்கின்றது. நைட்ரஜனிற் பெரும்பகுதியும் புகையோடு போகின்றது. சாம்பலில் எஞ்சுவன சாம்பற்சத்து, சுண்ணம் முதலிய உப்புக்களே. அவையும் காற்றாலும் முதல் மழையாலும் அடித்துச் செல்லப்படுவன. மண்ணுக்கு மென்மையும் நீரைப் பிடித்துவைக்கும் ஆற்றலும் தருகின்ற மட்கு என்பது அச்சாம்பலில் எள்ளளவும் இல்லை. நிற்க, யாம் எரியாது விட்டிருப்பின் அச்சருகு மண்ணாதற்கு எத்துணை நாள் ஆகியிருக்கும்? ஒரு திங்களா, ஓர் ஆண்டா, பல்லாண்டா? இவ்வினா எழுந்தபோது ஒருவர் ஒன்று சொன்னார். மற்றவர் மற்றொன்று சொன்னார். அளந்தவர் ஒருவரும் இலர்.

மக்குதல் யாங்ஙனம் நிகழ்கின்றது?

மக்குதல் ஒரே செயலன்று. மூன்று செயல்களின் கூட்டு. முதலாவது கரைதல். சருகின்மேல் மழைநீர் பட்டவுடன், நீரிற் கரையும் சர்க்கரையும் உப்புக்களும் வடிந்து மண்ணுட் செல்கின்றன. தேநீர் வடிப்பார் நாள்தோறும் காண்பது இதுவே. இரண்டாவது துணுக்காதல். மண்புழு, மரவட்டை, கறையான் முதலியன இலையைக் கடித்தும் இழுத்தும் சிறு துணுக்குகளாக்குகின்றன. மண்புழுக்கள் இலைகளைத் தம் வளைக்குள் இழுத்துச் சென்று மண்ணை ஆக்கும் திறத்தைச் சார்லஸ் டார்வின் 1881-ஆம் ஆண்டில் தனி நூலாகவே எழுதி வெளியிட்டார். மூன்றாவது சிதைதல். கண்ணுக்குப் புலனாகாத பாக்டீரியங்களும் பூஞ்சைகளும் தம் உடம்பினின்று கசியும் நொதிகளால் இலையின் பொருள்களை உடைத்து உண்கின்றன.

இலையின் பொருள்கள் யாவும் ஒரே எளிமையில் உடைவனவல்ல. சர்க்கரை எளிதில் உடைவது; பருத்தி நூலின் பொருளாகிய செல்லுலோஸ் அதனினும் அரிது; மரத்துக்கு வன்மை தரும் லிக்னின் மிக அரிது. நைட்ரஜன் மிகுந்த இளந்தழை விரைந்து மக்கும். நாரும் லிக்னினும் மிகுந்த முற்றிய ஓலை நெடுநாள் நிற்கும். நம் முன்னோர் எழுதுதற்குப் பனையோலையைத் தெரிந்ததும், தழையுரத்துக்குக் கொளுஞ்சியையும் புங்கந்தழையையும் தெரிந்ததும் இவ்வேறுபாட்டைக் கையாலும் கண்ணாலும் அறிந்தமையாலன்றோ? உண்ணப்பட்ட கரிமத்தில் ஒரு பகுதி நுண்ணுயிர்களின் மூச்சாக வானுக்கு மீள்கின்றது. மற்றொரு பகுதி மண்துகளோடு ஒட்டி மட்காக நெடுங்காலம் தங்குகின்றது. உலகத்து மண்ணில் இங்ஙனம் தங்கியுள்ள கரிமம் வளிமண்டலத்தில் உள்ளதனினும் மிகுதி. ஆகலின் சருகு மக்கும் விரைவு உழவர்க்கு மாத்திரமன்றி, உலகின் வெப்பத்தை ஆராய்வார்க்கும் இன்றியமையாத செய்தியாயிற்று.

எடையே சான்று

மக்குதலை அளத்தற்கு அறிவியலார் கைக்கொண்ட வழி மிக எளியது. சருகை நன்கு உலர்த்தி நிறுத்து, கண்ணறை சிறிய நைலான் வலைப்பையிலிட்டுத் தைத்து, மண்மேலோ மண்ணுள்ளோ வைத்து, குறித்த நாள் கழித்து எடுத்து, ஒட்டிய மண்ணை அகற்றி, மீண்டும் உலர்த்தி நிறுத்தல் வேண்டும். குறைந்த எடையே மக்கிய அளவாம். இங்கிலாந்தில் போகாக், கில்பர்ட் என்னும் இருவர் 1957-இல் இத்தகைய பைகளைக் காடுகளில் இட்டு ஆராய்ந்து எழுதினர். அதுமுதல் இம்முறை உலகெங்கும் பரவிற்று. அமெரிக்கரான ஓல்சன் 1963-இல், எடை குறையும் போக்கை ஒரே மாறிலியால் குறிக்கும் கணக்கைத் தெளிவுபட வகுத்தார்.

கணக்கு விளங்கும் பொருட்டு ஓர் எடுத்துக்காட்டுக் கூறுவோம். 10 கிராம் சருகு 90 நாளில் 6 கிராம் ஆயிற்று என்று கொள்க. எஞ்சிய பகுதி 0.6. இதன் இயற்கை மடக்கையின் அளவு 0.511, அதனை 90-ஆல் வகுப்பின் 0.0057 வரும். இதுவே ஒரு நாளைக்குரிய சிதைவு மாறிலி. இம்மாறிலி நிலைத்திருக்குமாயின், அடுத்த 90 நாளில் எஞ்சுவது 2 கிராம் அன்று, 3.6 கிராம் என்பது கருதத்தக்கது. என்னை? ஒவ்வொரு காலக்கூறிலும் இழக்கப்படுவது முதலில் இட்டதன் பங்கன்று. அப்போது எஞ்சியிருப்பதன் பங்கு. வட்டிக் கணக்கில் முதல் பெருகும் முறை எதுவோ, அதனையே தலைகீழாக்கினால் இது கிடைக்கும். இக்கணக்கின்படி அச்சருகு பாதியாதற்கு ஏறத்தாழ 122 நாள் ஆகும்.

தேயிலைப் பை

வலைப்பை முறையில் ஓர் இடர்ப்பாடு உண்டு. ஒருவர் தேக்கிலையையும் மற்றொருவர் வேப்பிலையையும் இட்டு அளப்பாராயின், வேற்றுமை இலையினால் வந்ததோ நிலத்தினால் வந்ததோ என்று துணிதல் இயலாது. உலகெங்கும் ஒரே இலை, ஒரே பை, ஒரே அளவு கிடைத்தல் வேண்டும். இவ்விடர்ப்பாட்டைக் கியூஸ்காம்ப் முதலிய ஐவர் 2013-இல் வெளியிட்ட கட்டுரையால் வியக்கத்தக்க எளிமையோடு நீக்கினர். கடையில் விற்கும் தேயிலைப் பையே அப்பொதுப் பை என்றனர். ஒன்று பசுந்தேயிலை, மற்றொன்று தென்னாப்பிரிக்காவில் விளையும் ரூய்பாஸ் என்னும் செந்தேயிலை. பசுந்தேயிலையில் நைட்ரஜன் ஒரு பங்குக்குக் கரிமம் ஏறத்தாழ 12 பங்கு. ரூய்பாஸில் ஏறத்தாழ 43 பங்கு. ஆகவே முன்னது விரைந்து மக்கும். பின்னது தாழ்த்து மக்கும்.

செயல்முறை வருமாறு. ஒவ்வொரு பையிலும் ஏறத்தாழ 2 கிராம் தேயிலை இருக்கும். ஒவ்வொன்றையும் தனித்தனியே நுட்பமான தராசில் நிறுத்து, எண்ணிட்டு, 8 சென்டிமீட்டர் ஆழத்தில் இருவகையும் அருகருகே புதைத்து, ஏறத்தாழ 90 நாள் கழித்து எடுத்து, உலர்த்தி நிறுத்தல் வேண்டும். 90 நாளில் பசுந்தேயிலையில் எளிதில் மக்குவன பெரும்பாலும் மக்கிவிடும். மக்கக்கூடியது இவ்வளவு என்று வேதிநூல் கூறும் பங்கு 0.842. ஆனால் மண்ணில் உண்மையாக மக்கியது 0.68 பங்கே என்று கொள்வோம். 0.68-ஐ 0.842-ஆல் வகுத்து, ஒன்றினின்று கழிப்பின் 0.19 வரும். இது நிலைபேற்றுக் காரணி எனப்படும். மக்கக்கூடியதாயிருந்தும் மக்காது மண்ணில் தங்கியது எவ்வளவு என்பதனை இது காட்டும். இக்காரணியை ரூய்பாஸுக்கும் ஏற்றி, அதன் எஞ்சிய எடையினின்று மாறிலியைக் கணிப்பர். ரூய்பாஸில் மக்கக்கூடியது 0.552 பங்கு, மேற்கண்ட மண்ணில் அது 0.446 ஆகச் சுருங்கும். 90-ஆம் நாள் முக்காற்பங்கு எஞ்சியிருப்பின், மாறிலி ஒரு நாளைக்கு 0.009 ஆகும்.

ஒரு தேயிலையின் காரணி மற்றொரு தேயிலைக்கும் பொருந்தும் என்று கொள்ளுதல் எவ்விடத்தும் தகுமோ என்று பின்வந்த ஆராய்ச்சியாளர் சிலர் ஐயுற்றுளர். அவ்வையமும் நினைவிற் கொள்ளத்தக்கதே. எனினும் நுட்பக் கருவி இல்லாத பள்ளிச் சிறுவரும் உழவரும் ஆராய்ச்சியிற் கலந்துகொள்ள இம்முறை வாயில் திறந்தது. சுவிட்சர்லாந்தில் 2021-ஆம் ஆண்டு, பொதுமக்கள் தேயிலைப் பைகளோடு வெண்பருத்தி உள்ளாடைகளையும் தோட்டங்களிற் புதைத்து, மண்ணின் உயிர்ப்பை அறியும் ஆராய்ச்சிக்குத் துணை செய்தனர். கேட்போர்க்கு நகை விளைக்கும் செய்தியாயினும், பருத்தி எத்துணை விரைவில் இற்றதோ அத்துணை உயிர்ப்புடையது மண் என்பது நகைக்கத்தக்க உண்மையன்று.

முதலும் கருவும்

தொல்காப்பியர் அகப்பொருளை முதல், கரு, உரி என மூன்றாக வகுத்தார். முதற்பொருளாவன நிலமும் பொழுதும். கருப்பொருளாவன அந்நிலத்து உணவும் விலங்கும் மரமும் புள்ளும் பிறவும். சருகின் வரலாற்றையும் இவ்வகையாலேயே கூறலாம் என்று எமக்குத் தோன்றுகின்றது. சருகு எந்நிலத்தில், எப்பருவத்தில் வீழ்ந்தது என்பது முதல். எம்மரத்தின் இலை, அதனை உண்ணும் உயிர்கள் எவை என்பது கரு. மக்கும் விரைவை அறுதியிடுவது முதலோ கருவோ என்பதே வினா.

இவ்வினாவுக்கு உலகளாவிய விடை ஒன்று 2018-இல் வெளிவந்தது. ஒன்பது வகை உயிர்ச்சூழல்களில் 336 இடங்களில் மேற்கூறிய இருவகைத் தேயிலைகளையும் இட்டு ஏறத்தாழ மூன்று திங்கள் ஆராய்ந்தவர்கள், எடைக் குறைவில் காணப்பட்ட வேறுபாட்டில் 65 விழுக்காடு இலையின் வகையாலேயே விளங்கிற்று என்றும், தட்பவெப்பம் அதற்கு அடுத்த நிலையிலேயே நின்றது என்றும் கண்டனர். தொடக்கக் காலத்தில் முதலினும் கருவே வலிது என்பது இதன் கருத்து. கருவின் மற்றொரு கூறாகிய உயிர்களைப் பற்றி 2022-இல் மற்றொரு செய்தி கிடைத்தது. பல கண்டங்களில் மரத்துண்டுகளை இட்டுப் பார்த்தவர்கள், வெப்பம் 10 பாகை மிகுமாயின் கறையானால் நிகழும் சிதைவு 6.8 மடங்கிற்கு மேல் மிகும் என்று கண்டனர். ஏடுகளைச் செல்லுக்கு இழந்த வெப்பநாட்டினராகிய நமக்கு இவ்வெண் புதுமையன்று, வருத்தத்தோடு ஒப்புக்கொள்ளத்தக்கது.

இனி, நம் நகரைச் சூழ்ந்த நிலங்களைத் திணை முறையால் நோக்குவோம். முக்கொம்பில் காவிரியும் கொள்ளிடமும் பிரிய, அவ்விரண்டுக்கும் இடையே கிடக்கும் திருவரங்கத் தீவு மருதத்துக்குச் சிறந்த எடுத்துக்காட்டு. ஆறு கொணர்ந்த வண்டல், வாய்க்கால் நீர், நெல், வாழை ஆகியன அங்கே உள. வாழைத்தோட்டத்தின் ஈரமும் நிழலும் உடைய மண்ணில் நுண்ணுயிர்க்கு உணவும் நீரும் காற்றும் ஒருங்கே கிடைத்தலின், மக்குதல் விரைவாதல் வேண்டும். அதன் அருகிலேயே நீர் நின்ற நெல்வயலில் நிலைமை வேறு. நீர் காற்றை அடைத்தலின் சிதைவு தாழ்க்கும். மெத்தேன் என்னும் வாயுவும் தோன்றும். ஒரே திணையில், ஒரு வரப்பின் இருபுறத்தும் இருவேறு உலகங்கள் உள என்பது இதனாற் பெறப்படும்.

துறையூருக்கு அப்பால் உயர்ந்து நிற்கும் பச்சைமலை நமக்குக் குறிஞ்சி. அங்கே நிழலும் தண்மையும் உண்டு. சருகு மெத்தையாகப் படிந்து கிடக்கும். மணப்பாறைப் பக்கத்துச் செம்மண் மேய்ச்சல் நிலம் முல்லை. அங்கே மழையின்றிக் காயும் திங்கள்களில் நுண்ணுயிர் உறங்க, கறையானே உழைக்கும். காவிரி கடலொடு கலக்கும் பக்கத்தில் முத்துப்பேட்டை அலையாத்திக் காடு நெய்தல். உவர்நீர் தேங்கிக் காற்றுப் புகாத அச்சேற்றில் கரிமம் நெடுங்காலம் தங்கும். பாலைக்கு நிலம் தனியே இல்லை. முல்லையும் குறிஞ்சியும் வளங்குன்றி இயல்பு திரிந்தவழிப் பாலையாகும் என்பது சிலப்பதிகாரத்தாற் பெறப்படும். கோடையிற் சுடும் கொள்ளிடத்து மணற்பரப்பும், உவர் பூத்த களர் நிலமும் நமக்குப் பாலையைக் காட்டும். மட்கு இழந்த மண் நீரைப் பிடியாது; நீர் பிடியாத மண்ணில் மரம் நில்லாது; மரம் இல்லாத நிலத்தில் சருகும் இல்லை. இங்ஙனம் வட்டமாகச் சுழன்று நிலம் பாலையாதலை இளங்கோவடிகள் ஒரு குறிப்பாற் கூறினார். அளப்பார் அதனை எண்ணாற் கூறுகின்றனர்.

ஒரு பலப் புழுதி

எடையாற் சான்று காட்டும் வழக்கம் நம் நூல்களிலும் இல்லாமற் போகவில்லை. திருக்குறளில் ‘உழவு’ என்னும் அதிகாரத்தில், ஒரு பலம் மண் காற்பலம் ஆகுமாறு காயவிடின் ஒரு கை எருவும் இன்றியே பயிர் விளையும் என்னும் பொருள்பட ஒரு குறள் உளது. அடுத்த குறளோ உழுதலினும் எருவிடுதல் நன்று என்று கூறுகின்றது. எரு வேண்டா என்று கூறிய வாயாலேயே எரு சிறந்தது என்றல் முரணன்றோ என்று வகுப்பில் ஒரு வினா எழுந்தது. யாமும் அன்று விடை காணாதிருந்தோம்.

கென்யா நாட்டில் மண்ணை ஆராய்ந்த பர்ச் என்பார் 1958-இல் எழுதிய கட்டுரையைப் பற்றி அறிந்தபோது எமக்கு ஒரு வழி புலப்பட்டது. நன்கு உலர்ந்த மண்ணின்மேல் மழை பெய்தவுடன், அதுவரை அடங்கியிருந்த நுண்ணுயிர்கள் ஒருங்கே கிளர்ந்து மட்கைச் சிதைக்கும். பயிர்க்கு வேண்டும் நைட்ரஜன் திடீரெனப் பெருகும் என்று அவர் காட்டினார். கோடையில் உழுது புழுதியைக் காயவிட்டு முதல் மழைக்கு விதைக்கும் உழவர் எருவின்றியும் ஒரு போகம் நன்கு விளையக் காண்பது இதனாற் பொருந்தும். ஆயின் அவ்விளைவு புதிதாக வந்த செல்வமன்று. மண் சேர்த்துவைத்த முதலினின்று எடுத்த செலவு. எடுத்ததை மீள இடாவிடின் முதல் தேயும். ஆகவே முன்னைக் குறள் செலவினையும் பின்னைக் குறள் வரவினையும் கூறின என்று கொள்ளின் முரண் இல்லையாம். ஈர மண்ணின் எடையில் முக்காற்பங்கு நீராயிருத்தல் அரிதாகலின், காற்பலம் என்பதை நன்கு காய்தலைக் குறிக்கும் வழக்கெனக் கொள்ளுதலும் தகும். வள்ளுவர் நுண்ணுயிரை அறிந்திருந்தார் என்று யாம் கூறுகின்றிலோம். அவர் காலத்து உழவர் கண்டு தெளிந்த உண்மையை அவர் எடையோடு கூறினார் என்பதே எம் கருத்து.

எம் பிழை

இத்துணையும் படித்தபின், செய்து பாராதிருத்தல் தகாது என்று எண்ணிச் சென்ற புரட்டாசி இறுதியில் யாம் நால்வர் பசுந்தேயிலைப் பைகளைக் கல்லூரி வேம்பின் அடியிலும், திருவரங்கத்தில் எம் நண்பர் ஒருவர் வீட்டு வாழைத்தோட்டத்திலும், கொள்ளிடக் கரை மணலிலும் புதைத்தோம். செய்த பிழைகளை மறையாது கூறுகின்றோம். பைகளைத் தனித்தனியே நிறாமல், பத்தினை ஒருங்கே நிறுத்துப் பத்தால் வகுத்தோம். அட்டையில் மையால் எழுதிய எண்கள் மழையில் அழிந்தன. ஆற்றில் நீர் பெருகியபோது கரையில் நட்ட குச்சிகள் போயின. புதைத்த இடமே தெரியவில்லை. வேம்பின் அடியில் இரு பைகளைக் கறையான் மண்ணால் மூடித் துளைத்திருந்தது. வாழைத்தோட்டத்துப் பைகளுள் மெல்லிய வேர்கள் நுழைந்து பின்னியிருந்தன; அவற்றை நீக்காமல் நிறுத்தால் மக்கியது குறைவாகவே தோன்றும்.

இம்மலருக்குக் கட்டுரை தரவேண்டிய நாள் நெருங்கியபோது, ‘ஏறத்தாழ இத்துணை இருக்கும்’ என்று சில எண்களை எழுதிவிடலாம் என்னும் எண்ணம் எம்முள் எழுந்ததையும் ஒளிக்கமாட்டோம். படிப்போர் எவரும் ஐயுறார். ஆயின் அளவாத எண்ணை அளந்ததாக எழுதுதல் பொய்ச்சான்று கூறுதலே என்று எங்களுள் ஒருவர் கூற, மற்றையோர் வாய்மூடினோம். ஆகவே எம் சோதனையினின்று ஓர் எண்ணும் ஈண்டுத் தந்திலோம். வேம்பின் அடியில் எடுத்த பை ஒன்றைக் கிழித்தபோது, தேயிலையின் மணம் ஒழிந்து, முதல் மழை பெய்த மண்ணின் மணம் வீசிற்று. அளக்க இயலாத அவ்வொன்றே எமக்குக் கிடைத்த பயன்.

வேண்டுகோள்

வரும் ஆண்டில் இச்சோதனையை முறைப்படி செய்யக் கருதியுள்ளோம். தாவரவியல், வேதியியல் துறைகளின் மாணவ நண்பர்கள் தராசும் துணையும் தருவார்களாயின், தமிழ் மாணவர் கையும் காலும் தருவோம். இக்கல்லூரியிற் பயின்று இன்று பல ஊர்களில் வாழும் பழைய மாணவர்களுக்கும் ஒரு வேண்டுகோள். மலைநாட்டில் இருப்பாரும், கடற்கரையில் இருப்பாரும், வானம் பார்த்த நிலத்தில் இருப்பாரும் ஆகத் தாங்கள் ஐந்திணையிலும் பரந்திருக்கின்றீர்கள். ஒரே வகைப் பைகளை இங்கே நிறுத்து எண்ணிட்டு அனுப்புவோம். ஐப்பசி முதல் நாள் புதைத்துப் பொங்கலன்று எடுத்தால் ஏறத்தாழ 90 நாள் ஆகும். மற்றொரு முறை சித்திரை முதல் நாள் புதைத்து ஆடி முதல் நாள் எடுத்தால், மழைக்கும் வெயிலுக்கும் உள்ள வேறுபாடு புலப்படும். புதைத்த நாளும் எடுத்த நாளும் தவறாது குறித்தல் வேண்டும். எண்ணைப் பென்சிலால் எழுதுதல் வேண்டும். ஓரிடத்தில் ஒன்றன்றிப் பல பைகளைப் புதைத்தல் வேண்டும். வேரும் மண்ணும் நீக்கி நிழலில் உலர்த்தி அனுப்புதல் வேண்டும். எஞ்சியவற்றை யாம் செய்வோம். கறையான் தின்ற பையையும் எறியாது அனுப்புக; அதுவும் ஒரு செய்தியே.

சருகை எரியாது என் செய்வது என்று வினவுவார்க்கும் விடை அருகிலேயே உளது. ஆல்பர்ட் ஹோவர்ட் என்பார் 1924 முதல் 1931 வரை இந்தூரில் ஆராய்ந்து, சருகும் சாணமும் மண்ணும் அடுக்கி, ஈரமும் காற்றும் தந்து, அவ்வப்போது புரட்டிவிட்டால் ஏறத்தாழ மூன்று திங்களில் நல்ல எருவாதலைக் காட்டினார். அவர் இம்முறையை வகுத்தற்கு இந்திய உழவர்பாலும் சீன உழவர்பாலும் கற்றவற்றைத் துணைக்கொண்டார். ஆகவே நம் தோட்டத்துப் பெரியவர் கூறியது புதிய அறிவியலுக்குப் புறம்பானதன்று, அதற்கு முன்னோடியே.

நிலத்தில் வீழ்ந்து மாயும் மணியைப் பற்றி எம் திருமறை கூறும் உவமையைச் சிறுவயது முதல் கேட்டு வந்துள்ளோம். மாய்தல் என்பது முடிவன்று என்பதை ஒரு தேயிலைப் பையைக் கிழித்தபோதுதான் மூக்கால் உணர்ந்தோம். ஏட்டிலுள்ள இலை மக்காது காத்தல் தமிழ் மாணவர் கடன். தோட்டத்திலுள்ள இலை மக்குமாறு விடுதலும் அவர் கடனே. இவ்வாண்டு வேனிலில் வேம்பின் சருகை யாம் தீயிடவில்லை. விடுதியின் பின்புறத்தில் பெரியவர் காட்டிய இடத்தில் குழி தோண்டி இட்டுள்ளோம். அக்குழி எத்துணை நாளில் நிறைந்தது, எத்துணை நாளில் தாழ்ந்தது என்பதைத் தேதியிட்டு எழுதி வருகின்றோம். அடுத்த மலரில் எண்ணோடு எழுத இறைவன் அருள்வாராக.